ஓடு சொல்லும் ஊர்: முர்லோ குன்றில் ஓர் எட்ருஸ்கக் குடியிருப்பைத் தோண்டும் முறை

ரோமின் எழுச்சிக்கு முன் நடு இத்தாலியில் செழித்த எட்ருஸ்கர்கள் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவை கல்லறைகள்தான். தார்குவினியாவில் ஓவியம் தீட்டிய நிலவறைகள், செர்வெதெரியில் எரிமலைப் பாறையைக் குடைந்து தெருத் தெருவாக அமைத்த கல்லறை மேடுகள், விருந்துக் கட்டிலில் சாய்ந்திருக்கும் சுடுமண் தம்பதியர். செத்தவர்களுக்கு அவர்கள் பாறையில் வீடு குடைந்தார்கள். உயிரோடிருந்தவர்கள் மண்சுவருக்கும் மர உத்திரத்துக்கும் நடுவே குடியிருந்தார்கள். பாறை நிலைத்தது, மண் கரைந்தது. போதாக்குறைக்கு அவர்களுடைய பெரிய ஊர்களான பெருஜா, கொர்தோனா, வொல்தெர்ரா, ஒர்வியெத்தோ எல்லாவற்றிலும் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். இடைக்காலத் தேவாலயத்தை இடித்து அதன் அடியில் தோண்ட யாரும் அனுமதி தரப்போவதில்லை.

எட்ருஸ்க எழுத்தை வாசிக்க முடியும், ஏனென்றால் அது கிரேக்க எழுத்திலிருந்து வந்தது. ஆனால் அவர்கள் தங்களைப் பற்றி எழுதிய வரலாறோ இலக்கியமோ கைக்கு வரவில்லை. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கல்லறைப் பெயர்களும் காணிக்கைக் குறிப்புகளும்தான். ஆகவே அவர்கள் எப்படிச் சமைத்தார்கள், எங்கே நெய்தார்கள், வேலைக்கூடம் யாருடைய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்ற கேள்விகளுக்கு விடை வேண்டுமானால், கைவிடப்பட்டு மறுபடி யாரும் குடியேறாத ஓர் ஊர் வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றுதான் இத்தாலியின் டஸ்கனியில், சியனா நகருக்குத் தெற்கே முர்லோ என்ற சிற்றூரை ஒட்டியிருக்கும் போஜ்ஜோ சிவிதாதே குன்று. அதன் மேல்சமவெளிக்கு ஊரார் வைத்த பெயர் 'பியானோ தெல் தெசோரோ', அதாவது புதையல் மேடு. 1966-இல் அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியைச் சேர்ந்த கைல் மெரெடித் பிலிப்ஸ் இங்கே அகழாய்வைத் தொடங்கினார். பின்னாளில் எரிக் நீல்சன், அவருக்குப் பிறகு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி டக் எனப் பொறுப்பு கைமாறியும், வேலை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்திருக்கிறது.

புதையல் என்று பெயர் இருந்தாலும் இந்த மேட்டில் எடைக்கணக்கில் அதிகம் கிடைப்பது உடைந்த கூரை ஓடு. பார்வையாளருக்கு அது குப்பை. ஒரு குடியிருப்பைத் தோண்டுபவருக்கோ அதைவிடப் பேசும் பொருள் வேறில்லை. இத்தாலியில் ஓடு வேய்ந்த கூரைகளின் மிகப் பழைய சான்றுகளுள் முர்லோவும் ஒன்று என்பதால், இங்கே அதற்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

மூன்று கட்டடங்கள், ஒரு தீ

கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் மேட்டின் மேல் மூன்று பெரிய கட்டடங்கள் இருந்தன. ஒன்று செல்வாக்குள்ள குடும்பத்தின் இல்லம். இன்னொன்று மூன்று அறைகளாகப் பிரிந்த கட்டடம், அநேகமாக வழிபாட்டுக்கு உரியது. மூன்றாவது வேலைக்கூடம்: ஏறத்தாழ 50 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், வரிசையாகக் கல் அடிப்பீடங்கள், அவற்றின் மேல் மரத் தூண்கள், மேலே ஓட்டுக் கூரை, பக்கங்களில் அடைப்புச் சுவர் கிடையாது. பச்சை மண்ணில் ஓடு வார்ப்பவருக்கு இந்த அமைப்பின் காரணம் உடனே புரியும். வார்த்த ஓட்டை வெயிலில் போட்டால் மேற்புறம் முந்திக் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் இருக்கும், ஓடு வளைந்து வெடிக்கும். நிழலும் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். சுவரில்லாத கூரை இரண்டையும் தருகிறது.

அந்தக் கூடத்தில் ஓடு மட்டும் செய்யவில்லை. வெண்கலம் உருக்கிய மூசைகளும் கசடும், செதுக்கி முடித்ததும் முடிக்காததுமான எலும்பு, மான்கொம்பு, தந்த வேலைகள், நூல் நூற்ற தக்களி வில்லைகள், தறி எடைக்கற்கள், வெட்டிய விலங்கெலும்புகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைத்தன. கி.மு. 600-ஐ ஒட்டி ஒரு தீ மூன்று கட்டடங்களையும் அழித்தது. அன்று கூடத்தின் தரையில் சுடாத ஓடுகள் காயப் பரப்பியிருந்தன. தப்பி ஓடியவர்கள் அவற்றின் மேல் கால் வைத்தார்கள், பச்சை மண்ணில் பாதத் தடம் பதிந்தது. பிறகு அதே தீ அந்த ஓடுகளைச் சுட்டுக் கெட்டிப்படுத்தியது. தீ பிடிக்காமல் கூடம் மெதுவாகச் சிதைந்திருந்தால் இரண்டொரு மழையிலேயே ஓடும் தடமும் சேறாகியிருக்கும். ஊரை அழித்த தீதான் அந்த ஒரு கணத்தைக் காத்துக்கொடுத்தது.

குழி போடுவதற்கு முன்

இத்தாலியில் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் உடைமை. நிலம் யாருடையதாக இருந்தாலும், பண்பாட்டு அமைச்சகம் தரும் அகழாய்வு உரிமம் இல்லாமல் ஒரு மண்வெட்டி இறங்கக்கூடாது. வேலையைத் தொல்லியல் மேற்பார்வை அலுவலகம் கண்காணிக்கும். எடுத்த பொருள்கள் அரசுக் கணக்கில் பதிவாகி, இங்கே முர்லோ அருங்காட்சியகத்துக்குச் செல்கின்றன. அது 1988-இல் பழைய ஆயர் மாளிகையில் தொடங்கப்பட்டது.

எங்கே தோண்டுவது என்று முடிவு செய்வதில் நிலத்தின் இயல்பு முக்கியம். உழுத வயலாக இருந்தால் கலப்பை மேலே கொண்டுவந்த ஓடுகளையும் பானையோடுகளையும் நடந்து பொறுக்கிக் கணக்கெடுக்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் ஆழ உழவு பரவியபோது ரோமைச் சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான பழைய இடங்கள் இப்படித்தான் வெளிப்பட்டன, அதே உழவில் சிதைந்தும் போயின. போஜ்ஜோ சிவிதாதே உழவுக்கு வராத காடு. அது நல்லதுதான். ஆனால் காட்டில் மேற்பரப்பு ஆய்வு கைகொடுக்காது, மரங்களுக்கு நடுவே காந்தமானியை நேர்கோட்டில் கொண்டு நடப்பதும் கடினம்.

காந்தமானி எதைக் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையில் உறைகின்றன. அதனால் சூளை, அடுப்பு, எரிந்து விழுந்த ஓட்டுக் குவியல் ஆகியவை பளிச்சென்று தெரியும். சுடாத மண்சுவரோ தூண் நட்ட சிறு குழியோ பெரும்பாலும் தெரியாது. எட்ருஸ்கர் நாடான எத்ரூரியாவின் தெற்கே, எரிமலைப் பாறை நிலத்தில் பாறையே காந்த இரைச்சல் எழுப்பும், அங்கே மின்தடை அளவீட்டையோ தரை ஊடுருவும் ராடாரையோ நம்ப வேண்டும். கருவி ஒன்றும் காட்டவில்லை என்பதால் அங்கே ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை.

விழுந்த கூரையைப் பிரித்தல்

எட்ருஸ்க ஓட்டுக் கூரைக்கு இரண்டு அடிப்படை உறுப்புகள். ஒன்று இருபுறமும் விளிம்பு தூக்கிய அகலமான தட்டோடு. மற்றது இரண்டு தட்டோடுகளின் இணைப்பை மேலிருந்து மூடும், நாட்டு ஓடு போல வளைந்த மூடோடு. உச்சியில் முகட்டோடு வரும். தாழ்வாரத்து மூடோட்டின் முனையில் பெண் முகமும், கூரை ஓரத்து நீர்த்தடுப்பில் மழைநீரை வெளியே துப்பும் சிங்க முகமும் பொருத்துவார்கள். ஒரு தட்டோட்டின் எடை 10 கிலோவைத் தாண்டும். ஆணி அடிப்பதில்லை, தன் எடையாலேயே அது நிற்கும். அதனால் கூரைச் சரிவு அதிகமாக இருக்க முடியாது. சதுர மீட்டருக்கு 50 கிலோ என்று குறைவாகவே வைத்தாலும், 50-க்கு 6 மீட்டர் வேலைக்கூடத்தின் தலையில் 15 டன் இருந்திருக்கும். தூணுக்கு அடியில் கல் பீடம் வைத்ததன் காரணம் இந்த எடைதான். வேலைக்கூடத்தின் தூண் இடைவெளியை அளப்பவர் அந்தத் தச்சர் எவ்வளவு சுமைக்குத் துணிந்தார் என்பதையும் சேர்த்தே அளக்கிறார்.

மேல்மண்ணையும் வேர்களையும் நீக்கியதும் ஓட்டு அடுக்கு தெரியத் தொடங்கும். இங்கிருந்து மண்வெட்டியை ஒதுக்கிவிட்டு, கொத்துக் கரண்டியும் தூரிகையும் எடுக்க வேண்டும். முதல் கட்டளை: எதையும் தூக்காதே. அடுக்கு முழுவதையும் அதன் இடத்திலேயே சுத்தம் செய்து, ஒன்றோடொன்று 60 முதல் 80 சதவீதம் மேற்படியும்படி நூற்றுக்கணக்கான ஒளிப்படங்கள் எடுத்து, அளவுக்குறிகளின் இடத்தை டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் பதிந்து, முப்பரிமாண மாதிரி கிடைத்த பிறகுதான் ஓடு நகரும். துண்டு பெரிதாகக் கிடைத்ததே என்று ஆசையில் உருவி எடுத்தால், அது மேற்புறம் மேலாக விழுந்ததா, கவிழ்ந்து விழுந்ததா என்ற செய்தி நிரந்தரமாகப் போய்விடும். அந்தச் செய்தி ஏன் வேண்டும்? உத்திரம் எரிந்து கூரை நேராக உட்கார்ந்தால் ஓடுகள் வரிசை கலையாமல், தட்டும் மூடுமாக அடுத்தடுத்துக் கிடக்கும். சுவர் வெளியே சாய்ந்து கூரை சரிந்திருந்தால் ஓடுகள் ஒரு பக்கமாகக் குவிந்து, பல கவிழ்ந்திருக்கும். யாரோ பிரித்தெடுத்துப் போயிருந்தால் முழு ஓடுகள் இராது, சில்லுகள் மட்டும் இருக்கும்.

நிறமும் பேசும். காற்று புகுந்து எரிந்த இடத்தில் ஓடு செந்நிறமாக இருக்கும், காற்று அடைபட்ட இடத்தில் சாம்பல் நிறமாகும், வெப்பம் எல்லை மீறிய இடத்தில் உப்பி, உருகி, நுரைத்த கல்லாகிவிடும். இவற்றைத் திட்டப்படத்தில் குறித்தால் தீ எந்தப் பக்கம் மூர்க்கமாக எரிந்தது என்று தெரியும்.

பிறகு கணக்கு. உடைந்த ஓடுகளை எண்ணிப் பயனில்லை, ஒரே ஓடு இரண்டாகவும் உடையும், இருபதாகவும் உடையும். தட்டோடு, மூடோடு, இனம் தெரியாதவை என்று பிரித்து எடைபோடுவார்கள், மொத்தத்தை ஒரு முழு ஓட்டின் எடையால் வகுப்பார்கள். தனியாக மூலைகளையும் எண்ணுவார்கள். ஒரு தட்டோட்டுக்கு நான்கு மூலை என்பதால் 400 மூலைகள் கிடைத்தால் குறைந்தது 100 தட்டோடுகள் இருந்தன. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நல்லது. எடைக்கணக்கு மிகுந்து மூலைக்கணக்கு குறைந்தால் சல்லடைக்கு முன்பே சின்ன மூலைத் துண்டுகளை யாரோ எறிந்திருக்கிறார்கள் என்று பொருள். பழைய அகழாய்வுகள் பலவற்றில் அலங்காரமில்லாத ஓடுகளை எடைகூடப் போடாமல் மண்குவியலில் கொட்டியதுண்டு. அந்த இழப்பை இனி ஈடுசெய்ய வழியில்லை.

சுவர் தெரியாமல் போவது

ஓட்டு அடுக்கின் அடியில்தான் உண்மையான சோதனை. மண்ணை இடித்துக் கட்டிய சுவரோ, மூங்கில் தட்டி போலக் கிளைகளைப் பின்னி மண் அப்பிய சுவரோ எரிந்திருந்தால் அதன் கட்டிகளில் கிளையின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். எரியாமல் கரைந்திருந்தால் அந்த மண்ணுக்கும் குன்றின் இயற்கை மண்ணுக்கும் வேறுபாடு மயிரிழைதான், இரண்டும் ஒரே இடத்தில் எடுத்த களிமண். அனுபவமில்லாத கை சுவரையே வெட்டிக் கூடையில் போட்டுவிடும். இதற்குச் சில எளிய பழக்கங்கள் உண்டு. உச்சி வெயிலில் மண் வெளுத்துவிடும், ஆகவே அதிகாலையில் சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பது, தெளிப்பானால் நீர் தூவி நிற வேறுபாடு தோன்றும்வரை காத்திருப்பது, கரண்டி விளிம்பை எப்போதும் தன் பக்கமாக இழுப்பது, குழியின் ஓரச் சுவரைச் செங்குத்தாகவும் சுத்தமாகவும் வைத்து அதிலுள்ள மண்ணடுக்கை நாள்தோறும் திரும்பப் படிப்பது.

சுவருக்கு அடியிலிருந்த கல் வரிசையைப் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டு போயிருந்தால், பள்ளத்தில் பின்னால் நிரம்பிய தளர்ந்த மண்தான் சுவரின் முகவரி. கல்லில்லாத அந்தக் கோட்டையும் ஒரு தனி மண்ணலகாக எண் கொடுத்து எழுத வேண்டும். வெட்டியது ஓர் எண், நிரம்பியது வேறோர் எண். எது எதற்கு முந்தியது என்ற உறவை, தொல்லியலாளர் எட்வர்ட் ஹாரிஸ் 1973-இல் வகுத்த கட்டப் படத்தில் அன்றன்றே வரைந்துவிட வேண்டும். வாரக் கடைசியில் நினைவிலிருந்து வரைந்தால் அது அகழாய்வு ஆகாது.

மண்ணையும் சும்மா விடுவதில்லை. பொதுவாக எல்லாமே சல்லடைக்குப் போகும். அடுப்பு, சேமிப்புப் பானை, எரிந்த தரை போன்ற இடங்களில் 10 முதல் 20 லிட்டர் மண்ணைத் தனியே எடுத்து நீரில் கலக்குவார்கள். கரிந்த தானியமும் விதையும் மிதக்கும், அவற்றை அரை மில்லிமீட்டரும் அதற்கும் குறைவான கண்ணும் கொண்ட வலையில் பிடிப்பார்கள். சேற்றுக்குள் ஆக்சிஜன் புகாத இடமாக இருந்தால் கரியாத விதையே கிடைக்கும். இதே டஸ்கனியில், கியாந்தி மலைப்பகுதியின் செதாமுராவில் 30 மீட்டருக்கு மேல் ஆழமான கிணறு ஒன்றின் அடியிலிருந்து நூற்றுக்கணக்கான திராட்சை விதைகளும் வெண்கலப் பாத்திரங்களும் எடுக்கப்பட்டன.

காலம் சொல்வதில் ஒரு சிக்கல்

கரித்துண்டு கிடைத்தால் கரிமக் காலக்கணிப்புச் செய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். எட்ருஸ்கர்களின் செழிப்பான காலத்துக்கு இந்த முறை ஏறக்குறைய உதவாது. கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையே வளிமண்டலக் கரிமத்தின் அளவுத்திருத்தக் கோடு, அதாவது ஆய்வக அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் கோடு, தட்டையாகக் கிடக்கிறது. ஆய்வகம் 2450 ஆண்டு என்று அளந்து சொல்லும் மாதிரி, கி.மு. 750 முதல் 410 வரை எந்த ஆண்டாகவும் இருக்கலாம். முர்லோவின் முழு வரலாறும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். உத்திரத்தின் நடுமரத்துக் கரியாக இருந்தால் மரத்தின் வயதும் சேர்ந்து இன்னும் பழையதாகக் காட்டும்.

ஆகவே காலத்தைப் பானைதான் சொல்ல வேண்டும். காற்றடைத்த சூளையில் சுட்டு, உள்ளும் புறமும் கறுத்துப் பளபளக்கும் புக்கெரோ கலங்களின் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. கிரேக்கத்திலிருந்து வந்த கிண்ணங்களின் காலம் ஓரளவு நுட்பமாகவே வரையறுக்கப்பட்டுள்ளது. எரிந்த தரையில், ஓட்டு அடுக்குக்கு அடியில் நசுங்கிய கிண்ணம் எந்தக் காலத்ததோ, தீ அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. 'அடியில்' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாமே தங்கியிருக்கிறது. எலி வளையிலோ மரவேர்ப் பள்ளத்திலோ இறங்கிய ஒரு துண்டு, தீயின் காலத்தை ஐம்பது ஆண்டு தள்ளிவிடக்கூடும். காட்டுக் குன்றில் வேர்ப்பள்ளங்களைத் தனி அலகாகப் பிரித்தெடுக்கப் பிடிவாதம் காட்டுவதன் காரணம் இதுவே.

இரண்டாவது அழிவு வேறு மாதிரி

தீக்குப் பிறகு அவர்கள் ஓடிப்போகவில்லை. இடிபாட்டைச் சமன்படுத்தி, அதன் மேலேயே ஏறத்தாழ 60-க்கு 60 மீட்டரில், முற்றத்தைச் சுற்றி நான்கு சிறகுகளோடு ஒரு பெருங்கட்டடம் எழுப்பினார்கள். அன்றைய இத்தாலியில் அந்த அளவுக்குக் கட்டியவர்கள் சிலரே. அதன் சுவரோரம் அச்சில் வார்த்த சுடுமண் பலகைகள் ஓடின: விருந்து, குதிரைப் பந்தயம், வண்டி ஊர்வலம், அமர்ந்திருக்கும் பெரியோர் என நான்கு காட்சிகள். கூரை முகட்டின் மேல் ஆளுயரத்தை நெருங்கும் சுடுமண் உருவங்கள் அமர்ந்திருந்தன. அவற்றுள் அகன்ற விளிம்புத் தொப்பியும் சதுரத் தாடியும் கொண்ட ஒருவரை இன்று 'முர்லோவின் கௌபாய்' என்று உலகமே அழைக்கிறது. பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் அது அந்த உருவத்தின் கம்பீரத்தைக் குறைக்கிறது. அவர் முன்னோராகவோ தெய்வமாகவோ தன் கூரையிலிருந்து பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தவர்.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியதும் இந்தக் கட்டடமும் அழிந்தது. இம்முறை சான்று வேறு வகை. உருவங்களின் துண்டுகள் தாம் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லை, பொறுக்கியெடுத்துப் பள்ளங்களில் கொட்டி மண்ணிட்டு மூடப்பட்டிருந்தன. ஒரே உருவத்தின் துண்டுகள் தொலைவான இடங்களிலிருந்து வந்து பொருந்தின. மறுபடி அங்கே யாரும் கட்டவில்லை. விபத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. திட்டமிட்டு அழித்தார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே பரந்த உடன்பாடு உண்டு. அழித்தது கியூசி போன்ற வளர்ந்துவந்த அண்டை நகரமா என்பது ஊகம். கட்டடம் பல ஊர்கள் கூடிய கூட்டணியின் அவையா, ஒரு குடும்பத்தின் அரண்மனையா என்ற விவாதமும் நெடுங்காலம் நடந்தது. பிலிப்ஸ் முன்னதைச் சொன்னார். அடியிலிருந்த மூன்று கட்டடங்களில் ஒன்று தெளிவான குடியிருப்பு என்று தெரிந்த பிறகு பின்னதற்கே எடை கூடியது. அந்த வாதம் வலுவானது, ஏனென்றால் ஒரே மேட்டில், ஒரே தொழில்களோடு, தலைமுறை மாறியும் அதே இடத்தை விடாமல் பிடித்திருந்தது ஒரு குடும்பத்தின் பிடிவாதம் போலத்தான் தெரிகிறது.

அந்த உருவங்கள் ஒட்டப்பட்ட முறையையும் சொல்ல வேண்டும். வண்ணம் பூசிய சுடுமண்ணைக் களத்தில் தேய்த்துக் கழுவினால் மண்ணோடு சாயமும் போய்விடும், ஆகவே ஒட்டிய மண்ணோடு ஆய்வகம் செல்லும். நிழலில் மெல்லக் காய வைப்பார்கள். இணைக்கும்போது தேவைப்பட்டால் திரும்பக் கரைத்துப் பிரிக்கக்கூடிய பாரலாய்டு போன்ற அக்ரிலிக் பிசினையே பயன்படுத்துவார்கள். இன்று பொருந்தியதாகத் தோன்றும் முழங்கை, பத்தாண்டு கழித்துக் கிடைக்கும் தோளோடு பொருந்தாமல் போகலாம். தந்தமும் எலும்பும் இன்னும் மெதுவாகக் காய வேண்டும், அவசரப்பட்டால் இழை இழையாகப் பிளக்கும். வெண்கலத்தில் வெளிர்பச்சைத் தூள் பூத்தால் குளோரைடு தின்னத் தொடங்கிவிட்டது என்று பொருள், உடனே ஈரம் குறைந்த பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

களத்தில் தெரியாதது மேசையில் தெரிவதும் உண்டு. வேலைக்கூடத்தின் விலங்கெலும்புகளைப் பின்னாளில் வகைபிரித்தபோது பச்சிளங்குழந்தைகளின் எலும்புத் துண்டுகள் சில தனித்துத் தெரிந்தன. 2013-இல் அது அறிவிக்கப்பட்டதும், குழந்தைகளைக் குப்பையோடு எறிந்த கொடிய மக்கள் என்ற தொனியில் செய்திகள் பரவின. பிறந்த சில நாளில் குழந்தை இறப்பது அந்தக் காலத்தில் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. நடு இத்தாலியில் அப்படி இறந்த குழந்தையை வீட்டுக் கூரையின் விளிம்புக்கு அடியிலேயே புதைக்கும் வழக்கமும் இருந்தது. சில துண்டு எலும்புகளை வைத்து ஒரு சமூகத்தின் நெஞ்சை அளப்பது மிகையான துணிச்சல். களத்தில் எலும்பைப் பொறுக்கியவர் இடத்தையும் ஆழத்தையும் சரியாக எழுதிவைத்ததால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்தது. முர்லோவின் கையெழுத்துக் களக்குறிப்பேடுகளும் படங்களும் இப்போது மின்வடிவாக்கி இணையத்தில் எவரும் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

பருவம் முடியும்போது குழிகளைத் திறந்து விடுவதில்லை. மழையும் பனியும் மண்சுவரை ஒரே குளிர்காலத்தில் கரைத்துவிடும். தரையின் மேல் நீர் கசியும் செயற்கை நெய்துணியை விரித்து, கல் வரிசைகளுக்கு இடையே சலித்த மண்ணை நிரப்பி, பிறகு மொத்தக் குழியையும் மூடுவார்கள். பிளாஸ்டிக் தாள் விரித்தால் அடியில் நீர் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும், வேரும் அந்த ஈரத்தைத் தேடி வரும். துணியைக் கண்டவுடன் இதற்குக் கீழே ஏற்கெனவே தோண்டிய தரை என்று அடுத்துத் தோண்டுபவருக்குத் தெரிந்துவிடும். பெருங்கட்டடத்துக்கும் வேலைக்கூடத்துக்கும் முந்தைய ஒரு வீட்டின் அடித்தளம், அகழாய்வு தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே மேட்டில்தான் வெளிப்பட்டது.